கூபெர்க்கின் எரிந்த எரிபொருள் எங்கே போகிறது? பீனிக்ஸ் அக்காவுக்கு ஒரு பதில்

டர்பனுக்குப் பக்கத்தில் பீனிக்ஸில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மருமகனுக்குக் கேப் டவுனுக்கு வடக்கே உள்ள கூபெர்க் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. மகளும் பேரப்பிள்ளைகளும் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான மெல்க்போஸ்ஸ்ட்ராண்டில் வீடு பார்க்கிறார்கள். "அங்கே எரிந்து முடிந்த அணுக் கழிவை என்னதான் செய்கிறார்கள்? வால்புட்ஸில் புதைத்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார், கடலில் கொட்டுவதாக இன்னொருவர் சொல்கிறார். லட்சம் வருஷத்துக்கு விஷம் போகாதாம். ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனுக்கு அனுப்பிவிட்டால் என்ன? மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கங்களில் போட்டால் என்ன? நம் கல்பாக்கத்தில் என்ன செய்கிறார்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள் தம்பி" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது. இருந்தாலும் தம்பி என்றதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன். நான் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தவன். 1996-இல் கேப் டவுனுக்கு வந்தேன். ஆலைகளில் குழாய்களின் வெல்டிங்கைப் படமெடுத்துச் சோதிக்கும் கதிரியக்க மூலங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் ஓய்வுபெறும் வரை என் பிழைப்பு. கூபெர்க்கில் ஒரு நாளும் சம்பளம் வாங்கியதில்லை. அதன் வாசலில் பதாகை பிடித்து நின்றதும் இல்லை.

முதலில் நேரடியான பதில். கூபெர்க்கின் உயர்நிலைக் கழிவு வால்புட்ஸுக்குப் போகவில்லை. கடலுக்கும் போகவில்லை. எங்கேயுமே போகவில்லை. 1984-இல் முதல் உலை வணிகரீதியாக மின்சாரம் தரத் தொடங்கியதிலிருந்து எரிந்த எரிபொருள் அந்த வேலிக்குள்ளேயே இருக்கிறது.

அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் தெளியும், மீதிப் பயம் சரியான இடத்தில் போய் உட்காரும். அணுக் கழிவு என்றதும் துருப்பிடித்த பீப்பாயிலிருந்து பச்சையாக ஒழுகும் குழம்புதான் பலருக்கும் கண்ணில் வருகிறது. எல்லாம் கார்ட்டூன் படங்களின் புண்ணியம். உலையிலிருந்து வருவது குழம்பு அல்ல, கல். யுரேனியம் ஆக்சைடுப் பொடியை அழுத்திச் சூளையில் சுட்டெடுத்த வில்லைகள், சுண்டுவிரல் நுனி அளவு. அவற்றை நான்கு மீட்டர் நீளமுள்ள மெல்லிய உலோகக் குழாய்களில் அடுக்கி அடைக்கிறார்கள். 264 குழாய்கள் சேர்ந்தது ஒரு கற்றை. கூபெர்க்கின் இரண்டு உலைகளில் ஒவ்வொன்றிலும் 157 கற்றைகள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை உலையை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள்.

வெளியே வரும் கற்றை, பார்வைக்கு உள்ளே போனதைப் போலவேதான் இருக்கும். எடையில் சுமார் 95 சதவீதம் இன்னும் யுரேனியம்தான். ஒரு சதவீதம் போலப் புளூட்டோனியம். மூன்று நான்கு சதவீதம், யுரேனிய அணு உடைந்ததில் பிறந்த சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற துண்டுகள். அந்த மூன்று நான்கு சதவீதம்தான் ஆளைக் கொல்வது. புதிய கற்றையைக் கையுறை மாட்டிக்கொண்டு தொடலாம். உலையிலிருந்து வந்து பத்து ஆண்டு ஆன கற்றைக்குப் பக்கத்தில் மறைப்பின்றி நின்றால், சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் அளவு உடம்பில் இறங்கிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு கற்றையில் ஏறத்தாழ 460 கிலோ யுரேனியம். இரண்டு உலைகளும் ஒழுங்காக ஓடினால் ஆண்டுக்கு முப்பது டன் சொச்சம் என்பது என் கணக்கு. நாற்பது ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு டன். ஆனால் யுரேனியம் இரும்பைவிடக் கனமானது, இடம் அதிகம் கேட்காது. அத்தனை கற்றைகளையும் நெருக்கி அடுக்கினால் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நிறையும். (நெருக்கி அடுக்கக் கூடாது. சூடும், ஓர் அணு உடைந்து அடுத்ததை உடைக்கும் தொடர்வினையும் சும்மா விடாது.) எம்புமலங்காவில் நிலக்கரிச் சாம்பல் மேடுகளைக் காரில் கடந்து போயிருப்பீர்கள். அவற்றோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி. இடப் பற்றாக்குறை இந்தப் பிரச்சினையில் எங்குமே இல்லை என்பதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

உலையிலிருந்து எடுத்ததும் கற்றையைத் தண்ணீர்த் தொட்டியில்தான் இறக்குகிறார்கள். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடும் அல்லவா? தோசைக்கல் வாங்கிய சூட்டைத்தான் திருப்பித் தருகிறது. இதுவோ தானே சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உலையை நிறுத்திய கணத்தில் முழுச் சூட்டில் ஆறேழு சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு நாளில் அது அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். அதற்குப் பிறகு இறக்கம் மெதுவாகிவிடும். 2011-இல் ஃபுக்குஷிமாவில் உலைகள் நிலநடுக்கம் வந்த உடனே நின்றுவிட்டன. இந்த மிச்சச் சூட்டை ஆற்றத் தண்ணீர் இறைக்க முடியாமல் போனதுதான் மூன்று உலைகளை உருக்கியது.

எனவே முதல் சில ஆண்டுகள் தொட்டிதான். சில மீட்டர் தண்ணீர் சூட்டையும் வாங்கிக்கொள்ளும், கதிர்வீச்சையும் தடுத்துவிடும். அப்படி ஒரு தொட்டியின் விளிம்பில் ஒரே ஒரு முறை, வேறொரு நாட்டில், நின்றிருக்கிறேன். அடியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம் அசையாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் சூடு தணிந்ததும், காற்றோட்டமே போதும் என்ற நிலை வரும். அப்போது தடித்த உலோகப் பெட்டகத்துக்குள் கற்றைகளை வைத்துத் தண்ணீரை வடித்து, மந்த வாயுவை நிரப்பி மூடலாம். கூபெர்க் முதலில் வாங்கியவை, பெட்டகத்துக்கு 28 கற்றை கொள்ளும் நான்கு ஜெர்மன் பெட்டகங்கள். பின்னர் அமெரிக்கப் பெட்டகங்களும் வந்தன. இந்தப் பெட்டகங்களை எனக்குப் பிடிக்கும் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். மோட்டார் வேண்டாம், குழாய் வேண்டாம், லோட் ஷெட்டிங் என்று மின்வெட்டு வந்தாலும் கவலை இல்லை. ஃபுக்குஷிமா டாயிச்சியிலும் இப்படிப் பெட்டகங்கள் இருந்தன. சுனாமி அவற்றின் மேல் புரண்டு போனது. உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது.

என்னை உறுத்துவது அவற்றை நிறுத்தும் களத்தின் பெயர். ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் "தற்காலிக இடைக்காலச் சேமிப்பகம்". ஒரு தற்காலிகம் போதாதென்று இரண்டு! இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் வலுவிழந்த கதிரியக்க மூலம் ஒன்றை வைக்கத் தகரக் கொட்டகை போட்டார்கள். கதவில் "தற்காலிகம்" என்று எழுதி ஒட்டியவன் நான்தான். பதினொரு ஆண்டுகள் கழித்து அந்த எழுத்தின் மேல் மறுபடி பெயிண்ட் அடித்தவனும் நான்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கொட்டகை ஒழுங்காக நின்றது, யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி வால்புட்ஸ். நாமக்குவாலாந்தில், ஸ்பிரிங்பாக்குக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில், மழை எட்டிப் பார்க்காத பத்தாயிரம் ஹெக்டேர் நிலம். 1986 முதல் கூபெர்க்கிலிருந்து அங்கே லாரிகள் போகின்றன. உங்களுக்குச் சொன்னவர் அதைத்தான் பார்த்திருப்பார். ஆனால் அவற்றில் போவது தாழ்நிலை, இடைநிலைக் கழிவு. இரும்பு டிரம்களில் கையுறை, மேலங்கி, துடைத்த துணி. கான்கிரீட் கலன்களில் தண்ணீரைச் சுத்திகரித்த பிசின்கள், வடிகட்டிகள். ஏழெட்டு மீட்டர் ஆழ அகழிகளில் வைத்து மண் மூடுகிறார்கள். அந்த ரகக் கழிவுக்கு அது போதும். சீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 30 ஆண்டு. பத்து அரை ஆயுள், அதாவது முந்நூறு ஆண்டு போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எரிந்த எரிபொருளை அதே அகழியில் போடுவது வேறு கதை, யாரும் போடவும் இல்லை.

ஆனால் எரிந்த எரிபொருளுக்கான மையச் சேமிப்பகம் ஒன்றை அங்கே தரைக்கு மேலே கட்டும் திட்டம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசியக் கதிரியக்கக் கழிவு அகற்றல் நிறுவனத்தின் பொறுப்பு அது. பெயரில் அகற்றல் இருந்தாலும் இதுவும் புதைப்பதற்கு அல்ல, நிறுத்திவைப்பதற்குத்தான். அங்குள்ள பூர்வகுடிகளான நாமா மக்களை, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்று யாரும் சமமாக உட்காரவைத்துக் கேட்கவில்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கூபெர்க் தொடங்கிய அதே 1984-இல்தான் நிறவெறி அரசு, வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவை என்று, மூன்று அவைப் பாராளுமன்றம் என்ற ஒரு பொம்மையை அவர்கள் கையிலும் உங்கள் கையிலும் கொடுத்தது. இரண்டாவது முறையாவது அவர்களை ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

லட்சம் வருஷக் கேள்விக்கு வருகிறேன். பங்காளிகள் இருவருக்கு ஒரே அளவு சொத்து கிடைக்கிறது என்று வையுங்கள். ஒருவன் ஒரே ஆண்டில் கொட்டித் தீர்க்கிறான். மற்றவன் நாளுக்கு ஒரு காசாக எடுத்து நூறு ஆண்டு ஓட்டுகிறான். கதிரியக்கமும் இப்படித்தான். சீக்கிரம் தீர்வது சீறும், நீண்டு நிற்பது முனகும். சீசியமும் ஸ்ட்ரான்சியமும் முதல் ரகம், சில நூற்றாண்டுகளில் அடங்கிவிடும். புளூட்டோனியம் இரண்டாவது ரகம். முக்கியமான வகையின் அரை ஆயுள் 24,100 ஆண்டு. இன்னும் நீளமானவையும் உண்டு. டெக்னீசியத்துக்கு இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல், ஒரு வகை அயோடினுக்கு ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல். முனகுவதால் பாதகமில்லை என்று அர்த்தமில்லை. புளூட்டோனியத் தூசி நுரையீரலில் படிந்தால் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். ஆனால் அதன் கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. தொலைவில் இருந்து அது நம்மை எதுவும் செய்ய முடியாது, நாம் அதை விழுங்க வேண்டும் அல்லது மூச்சில் இழுக்க வேண்டும்.

அப்படியானால் பூமிக்கடியில் இருப்பது நம் வாய்க்கு எப்படி வரும்? தண்ணீர் வழியாக. பாறையைத் துளைத்துக் கதிர் வராது, சில மீட்டர் பாறையே அதை விழுங்கிவிடும். நிலத்தடி நீர் கலனை அரித்து, வில்லையைக் கரைத்து, கிணற்றுக்குக் கொண்டுவந்தால்தான் ஆபத்து. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்ற எல்லா யோசனைகளையும் எடைபோடுவது எளிது.

சூரியனுக்கு ராக்கெட்? நூற்றில் ஓரிரு ராக்கெட் வெடிப்பது இன்றும் நடக்கிறது. ஆயிரக்கணக்கான டன்னை ஏற்ற எத்தனை ராக்கெட், அதில் எத்தனை வெடித்து வானத்திலிருந்து தூவும் என்று எண்ணிப் பாருங்கள். கடலில் சில நாடுகள் உண்மையாகவே டிரம் டிரம்மாகக் கொட்டின. 1972-இன் லண்டன் உடன்படிக்கை உயர்நிலைக் கழிவைத் தடுத்தது. 1993-இல் உறுப்பு நாடுகள் எல்லாக் கதிரியக்கக் கழிவுக்கும் தடையை நீட்டித்தன. அண்டார்க்டிகா பனிக்கட்டியை 1959 ஒப்பந்தமே மூடிவிட்டது. வேறு நாட்டுக் கழிவை இங்கே கொண்டுவந்து கொட்டுவதற்கு எதிராக ஆப்பிரிக்காவுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, பெலிண்டாபா ஒப்பந்தம். பெலிண்டாபா என்பது பிரிட்டோரியாவுக்கு மேற்கே உள்ள அணு ஆய்வு வளாகம். 1965-இலிருந்து ஒரு சிறிய உலை அங்கே ஓடுகிறது, நிறவெறி அரசின் அணுகுண்டுத் திட்டத்திலும் அந்த வளாகத்துக்குப் பங்கு இருந்தது. உங்களுக்கு ஜூலு தெரியுமே, அந்தப் பெயருக்கு "பேச்சு முடிந்தது" என்றுதான் பொருள் சொல்வார்கள். கழிவைப் பற்றிய நம் தேசியக் கொள்கைக்கும் அதே பெயரை வைத்திருக்கலாம்.

தங்கச் சுரங்கம் பற்றிய உங்கள் கேள்வி நல்ல கேள்வி. விட்வாட்டர்ஸ்ராண்டில் நான்கு கிலோமீட்டர் வரை தோண்டியிருக்கிறார்கள், பாறை முந்நூறு கோடி ஆண்டுப் பழசு. போதாக்குறைக்கு அந்தப் பாறையில் யுரேனியமும் உண்டு, 1952 முதல் தங்கத்தோடு சேர்த்து எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சுரங்கம் என்றால் ஏற்கெனவே பாறையை உடைத்துச் சல்லடையாக்கிவிட்டார்கள் என்று பொருள். இறைப்பை நிறுத்தியதும் நீர் மேலேறும். 2002-இல் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் அமில நீர் தரைக்கே பொங்கி வந்ததே, மறந்துவிடுமா? இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: தங்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. மூடிய சுரங்கத்துக்குள் ஸமா ஸமாக்கள், அதாவது அனுமதியின்றித் தங்கம் தோண்டுபவர்கள், மாதக்கணக்கில் இறங்கிக் கிடக்கிறார்கள். கான்கிரீட் போட்டு அடைத்தால் உடைத்துக்கொண்டு போகிறார்கள். மனிதன் ஆசைப்பட்டுத் திரும்பி வரக்கூடிய இடத்தில் இந்தக் கழிவை வைக்கவே கூடாது. ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைப் புதைத்தவர்கள், பின்னால் யாரோ வந்து திறந்து பார்ப்பார்கள் என்றா நினைத்திருப்பார்கள்?

ஆக எஞ்சுவது தங்கமும் செம்பும் இல்லாத, விரிசல் குறைந்த, நீர் நகராத பாறையில் பல நூறு மீட்டர் ஆழத்தில் புதிதாகத் தோண்டி வைப்பது. அணுமின் நிலையம் உள்ள நாடுகளின் நிபுணர்கள் பெரும்பாலும் இதில் ஒத்துப்போகிறார்கள், நானும்தான். இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது, அதுவும் நம் கண்டத்தில். 1972-இல் பிரெஞ்சு ஆலை ஒன்றில் காபோன் நாட்டு யுரேனியத்தைச் சோதித்தபோது, எரியக்கூடிய வகை 0.720 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 0.717 இருந்தது. கடுகளவு குறை. அதைத் துரத்திக்கொண்டு போனதில், ஒக்லோ என்ற இடத்தில் ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியப் படிவம் தானாகவே அணு உலையாகப் பல லட்சம் ஆண்டு விட்டு விட்டு எரிந்திருக்கிறது என்று தெரிந்தது. அங்கே உண்டான புளூட்டோனியம், கலனும் காவலும் இல்லாமல், பிறந்த இடத்திலேயே சிதைந்து முடிந்திருக்கிறது. எல்லாப் பொருளும் அப்படி நிற்கவில்லை, வாயுக்களும் எளிதில் கரைபவையும் நழுவிப் போயின. அதனால் ஒக்லோவைச் சான்றிதழாக நான் மாட்டிவைக்க மாட்டேன். நல்ல பாறையும் களிமண்ணும் எதைப் பிடித்துவைக்கும், எதை விட்டுவிடும் என்பதை அது காட்டுகிறது.

பின்லாந்து இதைச் செய்யக் கிளம்பிவிட்டது. ஒல்கிலுவோட்டோ தீவில் ஒன்காலோ என்ற புதைப்பிடத்தை நானூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் குடைந்திருக்கிறார்கள். பாறைக்கு வயது 190 கோடி ஆண்டு. எரிந்த கற்றையை வார்ப்பிரும்புச் சட்டத்தில் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள செப்புத் தாழியில் போட்டு மூடுகிறார்கள். தாழியைச் சுற்றி பெண்டோனைட் களிமண். நீர் பட்டால் உப்பி, வந்த வழியைத் தானே அடைத்துக்கொள்ளும் மண் அது. 2015-இல் கட்டுமான உரிமம் கிடைத்தது, 2024-இல் எரிபொருள் இல்லாத வெற்றுக் கலன்களை வைத்து ஒத்திகை தொடங்கினார்கள். சுவீடனும் போர்ஸ்மார்க்கில் 2025 ஜனவரியில் தோண்டத் தொடங்கிவிட்டது. செம்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்று சுவீடனில் விஞ்ஞானிகள் நீதிமன்றம் வரை வாதாடினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி வெளிப்படையாகச் சண்டை போட்ட இடத்தைத்தான் நான் நம்புவேன்.

தோற்ற கதைகளும் உண்டு. ஜெர்மனியில் அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட டிரம்களை இறக்கினார்கள். இப்போது நீர் கசிகிறது, திரும்ப எடுக்க வேண்டும் என்கிறார்கள். பழைய சுரங்கம் ஏன் கூடாது என்பதற்கு இதுவே போதும். அமெரிக்கா நெவாடாவின் யக்கா மலையை 1987-இல் சட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தது. அந்த மாநிலம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, திட்டம் பாதியில் நிற்கிறது. நியூ மெக்சிகோவில் ராணுவக் கழிவுக்கான உப்புப் படுகைப் புதைப்பிடம் ஒன்று 1999 முதல் இயங்குகிறது. அங்கே 2014 பிப்ரவரியில் ஒரு டிரம் பிளந்து கதிரியக்கம் தரைக்கு மேலேயும் வந்தது. காரணம் பூனை! டிரம்முக்குள் ஈரத்தை உறிஞ்ச, பூனை மலங்கழிக்கும் களிமண் துகளைப் போடுவார்கள். வேறொரு இடத்தில் கழிவை அடைத்தபோது களிமண் வகைக்குப் பதிலாகக் கோதுமையில் செய்த துகளைப் போட்டுவிட்டார்கள். கழிவில் இருந்த நைட்ரேட் உப்போடு கோதுமை சேர்ந்தால் வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. புதைப்பிடம் ஏறக்குறைய மூன்று ஆண்டு மூடிக்கிடந்தது. இருபத்தைந்து கோடி ஆண்டுப் பழைய உப்புப் பாறை தன் வேலையைச் சரியாகச் செய்தது. கடைக்குப் போன ஆள்தான் பையை மாற்றி வாங்கிவிட்டான்.

அங்கே புதைத்திருப்பதைப் பத்தாயிரம் ஆண்டுக்குப் பின்னால் வருபவர்களுக்கு எப்படி எச்சரிப்பது என்று மொழியியலாளர்களையும் கலைஞர்களையும் கூப்பிட்டு அமெரிக்கர்கள் யோசித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மதுரைப் பக்கத்து மாங்குளம் நினைவுக்கு வந்தது. அங்கே பாறையில் வெட்டியிருப்பது தமிழ், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழசு. நாமும் தமிழர்தான். எழுத்து கண்முன்னே கிடந்தும் பல நூற்றாண்டுகள் யாராலும் வாசிக்க முடியவில்லை. அது தமிழ் என்பதே இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைநாட்டப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகூட வேண்டாம். இங்கே கேப் டவுனில், ரைலண்ட்ஸில் ஒரு குடும்பம் தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தது. நேட்டால் கரும்புத் தோட்டத்தில் யாருக்கு எவ்வளவு கடன் என்று கட்டுக்கோப்பான கையெழுத்தில் எழுதியிருந்தார். பேரன்களில் ஒருவருக்கும் ஓர் எழுத்தும் தெரியவில்லை, மந்திரம் என்று நினைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மூன்று தலைமுறையில் கடன் கணக்கு மந்திரமாகிவிட்டது. அதனால் எச்சரிக்கைப் பலகையை நான் நம்புவதில்லை. யாரும் வாசிக்காவிட்டாலும், யாரும் காவல் இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய ஏற்பாடாக அது இருக்க வேண்டும். தரைமேல் பெட்டகம் எவ்வளவு உறுதியானாலும் அதற்குக் காவல்காரன் வேண்டும்.

கல்பாக்கம் கூபெர்க்கோடு ஒரே வயது, அதுவும் 1984-இல்தான் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியா வேறு வழியில் போகிறது. எரிந்த எரிபொருளைக் கழிவு என்று ஒதுக்காமல் அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்து மறுபடி எரிக்கப் பார்க்கிறார்கள். மிஞ்சும் சூடான திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கி உருளையாக வார்க்கிறார்கள். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் மூன்றிலும் இந்த வேலை நடக்கிறது. கழிவின் கன அளவு குறையும் என்பது நிஜம். ஆனால் அந்தக் கண்ணாடி உருளைக்கும் கடைசியில் ஓர் ஆழப் புதைப்பிடம் வேண்டும். இந்தியாவிலும் அது இன்னும் இல்லை. "மறுசுழற்சி செய்துவிடுகிறோம், கழிவே கிடையாது" என்று ஊரில் என் தம்பி மகன் அடித்துச் சொல்வான். சாப்பாட்டை இரண்டு முறை பரிமாறினாலும் எச்சில் இலை மிஞ்சும் என்று அவனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். தென் ஆப்பிரிக்காவுக்கு, இரண்டே உலை வைத்துக்கொண்டு, அப்படி ஓர் ஆலை கட்டுவது கட்டுப்படியாகாது.

எனவே, தொழில்நுட்பம் தெரியாமல் இந்த நாடு நிற்கவில்லை, இடமில்லாமலும் நிற்கவில்லை. 2005-இல் வெளியான கழிவுக் கொள்கையில் தரைமேல் நீண்டகாலச் சேமிப்பு, மறுபதப்படுத்தல், ஆழப் புதைப்பு என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, எல்லாவற்றையும் ஆராய வேண்டும் என்றார்கள். ஆழப் புதைப்பிடம் எங்கே என்று இன்றுவரை ஓர் ஊரின் பெயர் சொல்லப்படவில்லை. பின்லாந்து இடம் தேடத் தொடங்கியது 1980-களில். கூபெர்க்கின் முதல் உலைக்கு 2044 வரை ஓட 2024-இல் அனுமதி நீட்டித்தார்கள். அனுமதியை நீட்டிப்பதை நான் எதிர்க்கவில்லை. கழிவு உண்டாகும் காலத்துக்குத் தேதி போட்டவர்கள், அதைப் புதைக்கும் காலத்துக்கும் ஒரு தேதி போட்டிருக்கலாம்.

பணமும் இதில் சேர்ந்தது. பின்லாந்தில் மின் நிறுவனங்கள் ஆண்டுதோறும் அரசின் தனி நிதியத்தில் பணம் கட்டுகின்றன. நிறுவனம் திவாலானாலும் அந்தப் பணம் தனியாக நிற்கும். இங்கே கூபெர்க்கை நடத்தும் அரசு மின் நிறுவனமான எஸ்காம் தன் கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கிக் காட்டுகிறது. புத்தகத்தில் எழுதிய பணமும் பெட்டியில் கிடக்கும் பணமும் ஒன்றல்ல என்று சீட்டுப் பிடித்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். 2023-இல் அரசு 254 பில்லியன் ராண்ட் அளவுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலையில் இருந்த நிறுவனம் அது.

கடைசியாக, பேரப்பிள்ளைகள். மெல்க்போஸ்ஸ்ட்ராண்டில் வீடு பார்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அவர்களுக்கு ஆபத்து என்று ஒன்று வந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும் உலையில் நேரும் விபத்தால் வரலாம், களத்தில் நிற்கும் பெட்டகத்தால் அல்ல. அதற்காக நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர், 16 கிலோமீட்டர் என்று அவசரத் திட்ட வளையங்கள் போட்டிருக்கிறார்கள். வீடு எந்த வளையத்தில் வருகிறது, சங்கு ஒலித்தால் என்ன செய்ய வேண்டும், பள்ளியிலிருந்து பிள்ளைகளை எங்கே கொண்டுபோவார்கள் என்பதை மகள் முன்னதாகவே நகராட்சியிடம் கேட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கட்டும்.

மருமகனுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தத் தொழிலாளிகள் இன்று இந்த நிறுவனம், நாளை அந்த நிறுவனம் என்று மாறுவார்கள். சட்டையில் குத்தும் கதிர்வீச்சு அளவியின் கணக்கு அவர்களோடு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டியது அவர்கள்தான். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு உச்சவரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும் வாரங்களில்தான் பெரும்பகுதி ஏறும். ஒவ்வொரு முறையும் தேதி, வேலை, அளவு மூன்றையும் கேட்டு வாங்கிச் சொந்தமாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அலுவலகத்தில் "அதெல்லாம் கணினியில் இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும், இவரும் எழுதட்டும்.